புதிதாகத் திறக்கப்படும் அரசுத் தொடக்கப் பள்ளி: பிள்ளைகளைச் சேர்க்கும் முன் பெற்றோர் எவற்றைக் கேட்டறிய வேண்டும்?

கேள்விக்குறி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்புக்கு அருகில் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்று புதிதாகக் கட்டி முடிக்கப்பட்டு, வரும் கல்வியாண்டில் திறக்கப்படவிருக்கிறது. சேர்க்கை எல்லையைத் திருத்தியமைத்ததில் எங்கள் தெரு முழுவதும் அந்தப் பள்ளிக்கு உரியதாகிவிட்டது. என் மகள் முதல் வகுப்பில் சேர வேண்டியவள். மூத்தவன் இப்போதுள்ள பள்ளியில் மூன்றாம் வகுப்பை முடிக்கப் போகிறான். திறப்பதற்கு முன்பு பெற்றோருக்கு அறிமுகக் கூட்டம் ஒன்று நடத்துவதாக அறிவித்திருக்கிறார்கள்.

பல ஆண்டுகளாக நடந்துவரும் பள்ளி என்றால், அங்கே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களை விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். புதிய பள்ளியைப் பற்றிச் சொல்ல அப்படி எவரும் இல்லை. கட்டடம் அழகாக இருக்கிறது, வகுப்பறைகள் பெரியவை, திரைப்பலகைகள் வைத்திருக்கிறார்கள் என்பதைத் தாண்டி எங்களில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. அந்தக் கூட்டத்தில் எதைக் கேட்க வேண்டும், எதை நேரில் சென்று பார்க்க வேண்டும், எதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் எங்கள் தெருவிலுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் உதவியாக இருக்கும்.

பழைய கரும்பலகை எழுதியது:

வணக்கம். நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். புதிதாகத் தொடங்கிய பள்ளி ஒன்றின் முதல் நாளிலிருந்து பொறுப்பில் இருந்தவன் என்பதால், கட்டடத்தைப் பற்றி அல்லாமல் மனிதர்களைப் பற்றியே முதலில் எழுதுகிறேன்.

தலைமை ஆசிரியர் எப்போது நியமிக்கப்பட்டார் என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பள்ளி திறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஒருவர் பொறுப்பேற்றிருந்தால், ஆசிரியர்களைத் தேர்ந்து, பாடத்திட்டத்தைப் பகுத்து, நூலகத்துக்கு வேண்டிய புத்தகங்களை வரவழைத்து, பிள்ளைகள் வந்து இறங்குவது முதல் வீடு திரும்புவது வரையான ஒழுங்குகளை எல்லாம் முன்கூட்டியே எண்ணி வைத்திருப்பார். திறப்பு விழாவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது நியமிக்கப்பட்டவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், முதல் பருவம் முழுவதையும் நாற்காலி வந்து சேர்ந்ததா, மணி ஒழுங்காக அடிக்கிறதா என்று பார்ப்பதிலேயே கழிக்க நேரிடும்.

அடுத்து ஆசிரியர்களின் கலவை. ஆசிரியப் பணியில் முதல் சில ஆண்டுகளில்தான் கற்பிக்கும் திறன் மிக வேகமாக வளர்கிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்த உண்மை. புதியவர்கள் வேண்டாம் என்பது இதற்குப் பொருள் அன்று. அவர்களிடம் இருக்கும் ஆர்வம் ஒரு பள்ளிக்குப் பெரும் செல்வம். ஆனால் எல்லோரும் புதியவர்களாகவே இருந்தால், ஒருவர் தடுமாறும்போது பக்கத்து வகுப்பறையில் போய்க் கேட்க ஆள் இருக்காது. ஒவ்வொரு நிலையிலும் அனுபவமுள்ள ஒருவராவது இருக்கிறாரா, புதியவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு யாருடையது என்று கேளுங்கள். பதில் ஒரு பெயராக வந்தால் நம்பிக்கை கொள்ளலாம். பொதுவான உறுதிமொழியாக வந்தால் மேலும் கேளுங்கள்.

மூன்றாவது, வகுப்பின் அளவு. புதிய பள்ளியில் முதல் ஆண்டு பிள்ளைகள் குறைவாக இருப்பது வழக்கம். பெற்றோர் அதைக் கண்டு மகிழ்வது நியாயமே. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய ஆய்வு ஒன்றில், 79 பள்ளிகளைச் சேர்ந்த பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளிலும் மற்றவர்களை 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளிலும் நான்கு ஆண்டுகள் வைத்துப் பார்த்தார்கள். சிறிய வகுப்புகளில் இருந்தவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னே நின்றார்கள். அந்த நன்மை ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் உங்கள் பள்ளியின் சிறிய வகுப்பு திட்டமிட்டு அமைந்ததா, இடம் இன்னும் நிரம்பாததால் நேர்ந்ததா என்பதை நீங்கள் அறிய வேண்டும். ஒரு வகுப்பில் எத்தனை பேர் வரை சேர்ப்பார்கள், அந்த எண்ணிக்கையைத் தாண்டினால் இரண்டாவது பிரிவு தொடங்குவார்களா என்று கேளுங்கள். பிள்ளைகள் மிகக் குறைவாக இருந்தால் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் ஒரே ஆசிரியரிடம் ஒப்படைப்பதும் உண்டு. பயிற்சி பெற்ற ஆசிரியர் அமைந்தால் அது நன்றாகவே நடக்கும். ஆயினும் அது பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

நெடுவழி எழுதியது:

ஐயா எழுதியவற்றை மதிக்கிறேன். ஆனாலும் என் கருத்து வேறு. வாய்ப்பிருந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து, பள்ளி ஒரு நிலைக்கு வந்த பிறகு சேர்ப்பதே நல்லது என்று நினைக்கிறேன். முதல் ஆண்டில் நூலகம் பாதி காலியாக இருக்கும், விளையாட்டுத் திடலில் வேலை முடிந்திருக்காது, ஆசிரியர்கள் ஒருவரையொருவர் அப்போதுதான் அறிந்துகொண்டிருப்பார்கள். முதல் வகுப்பு என்பது ஒரு பிள்ளையின் வாழ்வில் ஒருமுறைதான் வருகிறது. பெரியவர்கள் பழகிக்கொள்வதற்காகப் பிள்ளையின் ஓராண்டைக் கொடுக்க வேண்டுமா என்பதே என் கேள்வி. அரசுப் பள்ளிகளுக்கு எதிராக இதைச் சொல்லவில்லை. என் பிள்ளைகள் இருவரும் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

முதல் வகுப்பு ஆசிரியை எழுதியது:

நெடுவழி அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. முதல் வகுப்பைப் பற்றி அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் அதிலிருந்து அவர் எட்டிய முடிவோடு நான் உடன்படவில்லை. முதல் வகுப்பில் ஒரு பிள்ளை பெறுவதும் இழப்பதும் பள்ளியின் வயதைப் பொறுத்தவை அல்ல. வாசிக்கக் கற்பிக்கும் முறையைப் பொறுத்தவை, தடுமாறும் பிள்ளையை எவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்கிறார்கள் என்பதையும் பொறுத்தவை.

1988-இல் வெளியான ஆய்வு ஒன்று 54 பிள்ளைகளை முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை பின்தொடர்ந்தது. முதல் வகுப்பின் இறுதியில் வாசிப்பில் பின்தங்கியிருந்த பிள்ளை நான்காம் வகுப்பின் இறுதியிலும் பின்தங்கியே இருப்பதற்கான வாய்ப்பு 100-க்கு 88 என்று அதில் தெரிந்தது. சிறிய ஆய்வுதான். ஆயினும் வகுப்பறையில் நாங்கள் காண்பதோடு அது பொருந்துகிறது. பிந்திய பிள்ளை தானாகவே வந்து சேர்ந்துவிடும் என்று காத்திருக்கும் பள்ளி, நூறாண்டு பழையதாக இருந்தாலும் பிள்ளைக்குப் பாதுகாப்பானது அன்று.

ஆகவே கூட்டத்தில் இப்படிக் கேளுங்கள்: எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை வரிசைமுறையாகக் கற்பிக்கிறீர்களா? ஆண்டில் எத்தனை முறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து வாசிக்கக் கேட்பீர்கள்? பின்தங்கும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் யார் கொடுப்பார், நாளின் எந்தப் பொழுதில் கொடுப்பார், பெற்றோருக்கு எப்போது சொல்வீர்கள்? இந்த மூன்றுக்கும் ஆசிரியர்கள் தயங்காமல் விடை சொன்னால், நூலக அலமாரி பாதி காலியாக இருப்பது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றாது. புத்தகங்களைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். திரைப்பலகையைப் பற்றிக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை வாசிக்கக் கற்பதற்கு அது இன்றியமையாதது அன்று.

புதிய பள்ளியில் வேறொரு நன்மையும் உண்டு. நெடுங்காலமாக நடக்கும் பள்ளியில் ஒரு வழக்கத்தை மாற்றச் சொன்னால், எப்போதும் இப்படித்தான் செய்கிறோம் என்ற பதில் வரும். முதல் ஆண்டில் அந்தப் பதிலைச் சொல்ல எவருக்கும் இடமில்லை. பெற்றோர் அப்போது கேட்பது ஏட்டில் ஏறும், நடைமுறையாகவும் மாறும்.

செங்கல் எழுதியது:

கட்டடத்தைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். கட்டுமானத் துறையில் இருப்பவன் என்பதால் நானே எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

புதிய கட்டடம் என்றாலே பாதுகாப்பானது என்று பெற்றோர் எண்ணிக்கொள்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு ஜனவரி 29 அன்று, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஆக்ஸ்காங்ஸ் தொடக்கப் பள்ளியின் வெளிச்சுவர் புயற்காற்றில் சரிந்து விழுந்தது. விழுந்த கற்களின் எடை சுமார் 9 டன். அதிகாலை என்பதால் பிள்ளைகள் எவரும் இல்லை. அந்தப் பள்ளிக்கு அப்போது வயது ஏறத்தாழ பதினொன்றுதான். அதே திட்டத்தில் கட்டப்பட்ட பிற பள்ளிகளைச் சோதித்தபோது குறைகள் தொடர்ந்து வெளிப்பட்டு, 17 பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. இரட்டைச் சுவரின் வெளிப்புறத்தையும் உட்புறத்தையும் பிணைக்கும் கம்பிகள் போதிய ஆழத்துக்குப் பதிக்கப்படவில்லை என்றும், கட்டும்போது தற்சார்பாக நின்று மேற்பார்வையிட ஆளில்லை என்றும் 2017-இல் வந்த விசாரணை அறிக்கை கூறியது. சுவர் எழும்பி முடிந்த பிறகு அந்தக் கம்பிகள் எவர் கண்ணுக்கும் தெரியாது. எனவே கட்டியவரைச் சாராத ஒருவர் கட்டுமானத்தின்போதே சோதித்தாரா, பயன்பாட்டுக்குத் தகுதியானது என்ற சான்றிதழ் முழுமையானதா தற்காலிகமானதா என்ற கேள்விகளைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பொதுப் பணத்தில் கட்டிய கட்டடத்தின் ஆவணங்கள் பொதுமக்கள் பார்வைக்கு உரியவை.

தீயணைப்பு ஏற்பாடுகளையும் எரிவாயு இணைப்பையும் பற்றித் தனியாகக் கேளுங்கள். 1937 மார்ச் 18 அன்று டெக்சாசின் நியூ லண்டன் என்ற ஊரில், சில ஆண்டுகளுக்கு முன்பே கட்டப்பட்டிருந்த பெரிய பள்ளிக் கட்டடம் எரிவாயுக் கசிவால் வெடித்துச் சுமார் 300 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். அந்த வாயுவுக்கு மணம் இல்லாததால் கசிந்ததை எவரும் உணரவில்லை. எரிவாயுவில் மணப்பொருளைக் கலக்க வேண்டும் என்ற சட்டங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. பள்ளி திறந்த முதல் வாரங்களிலேயே வெளியேறும் ஒத்திகை நடக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கட்டடத்தின் வழிகள் ஆசிரியர்களுக்கும் புதியவை.

இனி, அன்றாடம் பிள்ளைகளின் உடலைத் தொடும் காரியங்கள். முதலாவது தண்ணீர். புதிய குழாய்களிலும் பித்தளைப் பொருத்திகளிலும் சிறிதளவு ஈயம் இருக்கக்கூடும். கட்டி முடித்து மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் தண்ணீர் தேங்கி நின்றால் அது நீரில் இறங்கும். குடிநீரில் ஈயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பள்ளிக் குடிநீர்க் குழாய்களில் அது 1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பரிந்துரைக்கிறது. வளரும் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை என்பதே இவ்வளவு கடுமைக்குக் காரணம். குடிநீர்க் குழாய் ஒவ்வொன்றிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதித்தார்களா என்று கேளுங்கள். ஒரே ஒரு குழாயில் எடுத்த மாதிரி மற்றவற்றைப் பற்றி எதையும் சொல்லாது.

இரண்டாவது காற்று. புது வண்ணப்பூச்சு, ஒட்டுப்பலகை மேசைகள், தரைவிரிப்பை ஒட்டும் பசை ஆகியவற்றிலிருந்து பார்மால்டிஹைடு போன்ற ஆவிகள் வெளிவரும். புது வாசனை என்று நாம் பாராட்டுவதில் இவையும் அடக்கம். அறைக்குள் பார்மால்டிஹைடு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மேசை நாற்காலிகளைப் போட்ட பிறகு, பிள்ளைகள் வருவதற்கு முன் சில வாரங்களாவது காற்றோட்டத்தை முழு அளவில் இயக்கி அறைகளைக் காற்றாட விட வேண்டும். திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் வரை வண்ணம் பூசிக்கொண்டிருந்தால், ஆஸ்துமா உள்ள பிள்ளையின் பெற்றோர் கட்டாயம் பேச வேண்டும். மூச்சுக்காற்றால் சேரும் கார்பன் டை ஆக்சைடைப் பொறுத்தவரை, அறைக்காற்று நன்றாக இருப்பதற்கு 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 1000 பங்கு, என்ற எல்லையை மியூனிக்கைச் சேர்ந்த மாக்ஸ் வான் பெட்டன்கோபர் 1858-லேயே முன்வைத்தார். வெளிக்காற்றில் இப்போது 420-க்குச் சற்று மேல் இருக்கிறது. கதவு சன்னல்களை மூடிய நிறைந்த வகுப்பறையில் 2000-ஐத் தாண்டுவது எளிது. அளக்கும் சிறு கருவி ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறதா என்பதை விட, சன்னல்கள் உண்மையில் திறக்கின்றனவா என்பதை நேரில் பாருங்கள். குளிர்சாதனத்தை நம்பிச் சன்னல்களை நிலையாக மூடிவிடும் வடிவமைப்பை நான் ஏற்பதில்லை.

மெல்லோசை எழுதியது:

செங்கல் அவர்கள் எழுதியவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். என் மகன் செவித்துணைக் கருவி அணிபவன். அதனால் நான் எந்தப் பள்ளிக்குச் சென்றாலும் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்கிறேன்.

புதிய கட்டடங்களில் உயர்ந்த கூரை, கண்ணாடிச் சுவர், பளபளக்கும் தரை, ஒன்றோடொன்று திறந்திருக்கும் கற்றல் வெளிகள் என்று அமைக்கிறார்கள். படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஆசிரியர் சொல்லும் ஒரு சொல் அந்தக் கடினமான பரப்புகளில் மோதி எதிரொலித்து, அடுத்த சொல்லின் மேல் விழும். பெரியவர்கள் விட்டுப்போன ஒலியைத் தங்கள் மொழியறிவால் இட்டு நிரப்பிக்கொள்வார்கள். ஆறு வயதுப் பிள்ளையிடம் அந்தச் சேமிப்பு இல்லை. வெறும் வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்றும், 283 கன மீட்டருக்கு மிகாத அறையில் எதிரொலி 0.6 விநாடிக்குள் அடங்க வேண்டும் என்றும் அமெரிக்கத் தரநிர்ணயம் கூறுகிறது. 1970-களில் சுவரில்லாத திறந்த வகுப்பறைகளோடு கட்டிய பல பள்ளிகள் பிற்பாடு இரைச்சல் தாளாமல் தடுப்புச் சுவர்களை எழுப்பிக்கொண்டன.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. காலி வகுப்பறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ஒலி உடனே அடங்குகிறதா, நீண்டு கணகணக்கிறதா என்பது தெரியும். பிறகு காற்றோட்ட எந்திரத்தை இயக்கச் சொல்லி, கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்னால் நிற்பவரை இயல்பான குரலில் பேசச் சொல்லுங்கள். என் மகனைப் போன்ற பிள்ளைகளுக்காக மட்டும் இதை எழுதவில்லை. சளி பிடித்திருக்கும் பிள்ளைக்கும், பள்ளியில் பேசும் மொழி வீட்டில் பேசாத பிள்ளைக்கும், கவனம் எளிதில் சிதறும் பிள்ளைக்கும் இதே துன்பம்தான். மூலையில் ஒதுங்கியிருக்கும் பிள்ளை சொன்னதைக் கேட்பதில்லை என்று ஆசிரியர் குறித்து வைப்பார்; அந்த இடத்தில் நின்றால் ஆசிரியருக்கும் கேட்காது.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னொரு வேண்டுகோள். எல்லாப் பிள்ளைகளும் அருகிலுள்ள பொதுப் பள்ளியிலேயே சேர்ந்து கற்க வேண்டும் என்பது 1994-இல் ஸ்பெயினின் சாலமன்கா நகரில் கூடிய உலகக் கல்வி மாநாட்டின் அறிக்கையும், 2006-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும் ஏற்றுக்கொண்ட கொள்கை. சாய்தளம் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சாய்தளத்தின் முடிவில் உள்ள கதவு சக்கர நாற்காலிக்குப் போதிய அகலமா, கழிப்பறைக்குள் நாற்காலி திரும்புமா, விளையாட்டுத் திடலுக்கும் அதே வழியாகப் போக முடியுமா என்று பாருங்கள். சிறப்பு ஆசிரியர் இந்தப் பள்ளிக்கே உரியவரா, பல பள்ளிகளுக்குச் சென்று வருபவரா, வாரத்தில் எந்த நாள்களில் இருப்பார் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கு வேண்டியதைத் திறப்பதற்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வகுப்பறை ஒதுக்கீடு முடிந்த பிறகு கேட்டால் அது சலுகை போல ஆகிவிடுகிறது.

கேள்விக்குறி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஒன்று, என் மூத்த மகனைப் பற்றியது. அவனைப் பழைய பள்ளியிலேயே விட்டுவைப்பதா, தங்கையோடு புதிய பள்ளிக்கு மாற்றுவதா என்று எங்கள் வீட்டில் ஒருமித்த முடிவு இல்லை. அவனுக்கு நெருங்கிய நண்பர்கள் பழைய பள்ளியில் இருக்கிறார்கள். இன்னொன்று, பள்ளிக்குச் செல்லும் வழி. நடந்து செல்லும் தூரம்தான், ஆனால் வண்டிகள் வேகமாகப் போகும் சாலை ஒன்றைக் கடக்க வேண்டும்.

இரு பிள்ளைத் தாய் எழுதியது:

அன்புத் தோழிக்கு, எல்லைத் திருத்தத்தால் என் பிள்ளைகளும் ஒருமுறை பள்ளி மாறினார்கள் என்பதால் எழுதுகிறேன்.

தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பை முடிக்க இன்னும் ஓராண்டோ ஈராண்டோ மட்டும் இருக்கும் பிள்ளைகளை, பழைய பள்ளியிலேயே முடிக்க அனுமதிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. உங்கள் கல்வி அலுவலகத்தில் அந்த ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால், விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது, போக்குவரத்தை அவர்களே தருவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு பள்ளிகளின் தொடங்கும் நேரமும் ஒன்றாக இருந்தால் காலையில் ஒருவர் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. முடிவெடுப்பதற்கு முன் அந்தத் தெருவிலிருந்து வேறு எந்தெந்தப் பிள்ளைகள் மாறுகிறார்கள் என்று விசாரியுங்கள். நண்பர்களில் பாதிப் பேர் தன்னோடு வருகிறார்கள் என்று தெரிந்தால் எட்டு வயதுப் பையனின் மனம் எளிதில் மாறிவிடும்; ஒருவரும் வரவில்லை என்றால் அவன் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும்.

மாற்றுவதென்று முடிவானால், அவனுடைய மதிப்பெண் பதிவோடு, எந்தப் பாடத்தில் எதுவரை முடித்திருக்கிறான் என்ற குறிப்பையும் பழைய ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். புதிய பள்ளியின் நான்காம் வகுப்பில் பல பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் ஒன்றுசேர்வார்கள். ஒருவர் பின்னத்தைத் தொடங்கியிருப்பார், இன்னொருவர் வகுத்தலையே முடித்திருக்க மாட்டார். முதல் வகுப்பில் எல்லோரும் ஒன்றாகத் தொடங்குகிறார்கள் என்பதால் உங்கள் மகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

சாலையைப் பற்றி: வண்டிகளும் நடப்பவர்களும் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று 2020-இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு அறிவித்தது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் மோதல் ஆற்றல் 30-இல் வருவதைப் போல இரண்டே முக்கால் மடங்குக்கும் சற்று அதிகம். பள்ளிக் கட்டடத்துக்குப் பொறுப்பானவர்களும் சாலைக்குப் பொறுப்பானவர்களும் வெவ்வேறு துறையினர் என்பதால், பள்ளி திறந்த பிறகும் கடக்கும் கோடு, வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை ஆகியவை வராமல் இருப்பதுண்டு. தலைமை ஆசிரியரிடம் மட்டும் முறையிட்டால் போதாது. சாலைத் துறைக்குத் தெருவினர் அனைவரும் கையெழுத்திட்டு இப்போதே மனுக் கொடுங்கள். பள்ளி தொடங்கும் நேரத்தில், மகளை அழைத்துக்கொண்டு அந்த வழியே ஒருமுறை நடந்து பார்த்து, அவள் உயரத்திலிருந்து எது மறைகிறது என்று குனிந்து பாருங்கள்.

நெடுவழி எழுதியது:

ஆசிரியை அவர்களின் பதிலைப் படித்தேன். பள்ளியின் வயதைக் கொண்டு கற்பித்தலை அளக்க முடியாது என்பதை ஏற்கிறேன். இருந்தாலும் பெற்றோருக்குச் சான்று என்று எதுவும் கையில் இல்லையே. தேர்வு முடிவுகள் ஓரிரு ஆண்டுகளுக்கு வெளிவந்த பிறகாவது அவற்றைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் அல்லவா?

பழைய கரும்பலகை எழுதியது:

அந்த முடிவுகளை நீங்கள் எண்ணுவது போல நம்ப முடியாது என்பதுதான் சிக்கல். ஒரு வகுப்பில் 20 பிள்ளைகள் தேர்வெழுதினால், ஒரே ஒரு பிள்ளையின் தேர்ச்சி பள்ளியின் விழுக்காட்டை 5 புள்ளிகள் ஏற்றவோ இறக்கவோ செய்யும். தேர்வு நாளன்று இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் பள்ளியே சரிந்துவிட்டது போலத் தோன்றும். சிறிய பள்ளிகளின் சராசரி ஆண்டுக்காண்டு இப்படித் தாவுவது இயல்பு. மேலும், புதிய பள்ளியின் நான்காம் வகுப்பு எழுதும் முதல் தேர்வு, அந்தப் பிள்ளைகள் முன்பு படித்த பள்ளிகளின் கற்பித்தலையே பெரிதும் காட்டும்.

சான்று வேண்டும் என்றால் வேறிடத்தில் தேடுங்கள். முதல் ஆண்டின் முடிவில் எத்தனை ஆசிரியர்கள் இடமாற்றம் கேட்டுச் சென்றார்கள் என்று பாருங்கள். பிள்ளைகளின் வருகை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 180 நாள் கொண்ட கல்வியாண்டில் 18 நாள் வராத பிள்ளை பத்தில் ஒரு பங்குப் படிப்பை இழக்கிறது; மாதத்துக்கு இரண்டு நாள் என்று பார்த்தால் வீட்டில் எவருக்கும் அது பெரிதாகத் தெரியாது. அதைக் கணக்கெடுத்துப் பெற்றோரை அழைத்துப் பேசும் பள்ளி விழிப்போடு இருக்கிறது என்று பொருள். வராத நாளுக்கு அன்று காலையிலேயே வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு வருமா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. பெற்றோர் சங்கம் முதல் ஆண்டிலேயே அமைய வேண்டும். வசதியும் நேரமும் உள்ள சில குடும்பங்கள் மட்டும் அதை நிரப்பிவிடாமல், கூலி வேலைக்குப் போகிறவர்களும் வர முடிகிற நேரத்தில் கூட்டத்தை வையுங்கள். தொடக்கக் கல்வி கட்டாயமாகவும் எல்லோருக்கும் இலவசமாகவும் இருக்க வேண்டும் என்று 1989-இன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 28-ஆம் பிரிவில் சொல்கிறது. நல்ல நோக்கத்தோடு தொடங்கும் நன்கொடை வசூல், கொடுக்க முடியாத குடும்பத்தைக் கூசச் செய்யும் கட்டணமாக மாறிவிடக் கூடாது. முதல் கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு தீர்மானமே எழுதி வைத்துவிட்டால் பின்னர் வருகிறவர்களுக்கும் அது வழிகாட்டும்.

முதல் வகுப்பு ஆசிரியை எழுதியது:

விளையாட்டுத் திடலைப் பற்றி நெடுவழி அவர்கள் குறிப்பிட்டதை நான் சற்று எளிதாகக் கடந்துவிட்டதாகத் தோன்றக் கூடாது. திடல் வேலை முடியாமல் பள்ளியைத் திறந்தால், பிள்ளைகளை அதுவரை எங்கே, எவ்வளவு நேரம் விளையாட விடுவார்கள் என்பதை நான் கட்டாயம் கேட்பேன். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விளையாட விட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 விழுக்காடும் மற்றவற்றில் 39.5 விழுக்காடும் ஆக இருந்தார்கள். 2015-இல் வெளியான முடிவு இது. கண்ணுக்கு மட்டுமே இவ்வளவு என்றால், ஓடவும் விழவும் சண்டையிட்டுச் சமாதானமாகவும் கிடைக்கும் பொழுதின் பயனைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. வீட்டுப்பாடம் முடிக்காததற்குத் தண்டனையாக இடைவேளையைப் பறிக்கும் வழக்கம் இந்தப் பள்ளியில் நுழையக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்விக்குறி எழுதியது:

எங்கள் தெருவில் உள்ளவர்களோடு இவற்றைப் பகிர்ந்துகொண்டோம். சாலைத் துறைக்கான மனுவுக்குக் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டோம். கூட்டத்தில் முதல் கேள்வியாக வாசிப்பைப் பற்றியும், அடுத்ததாக அனுபவமுள்ள ஆசிரியர்களைப் பற்றியும் கேட்பதாக முடிவு செய்திருக்கிறோம். மகனைப் பொறுத்தவரை, அவன் நண்பர்களில் யார் யார் மாறுகிறார்கள் என்று அவனையே விசாரித்து வரச் சொல்லியிருக்கிறேன். செங்கல் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: தண்ணீர்ச் சோதனை ஏற்கெனவே முடிந்துவிட்டது, தேர்ச்சி பெற்றது என்று மட்டும் சொன்னால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா?

செங்கல் எழுதியது:

ஏற்றுக்கொள்ளாதீர்கள். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி மூன்றைப் பாருங்கள். மாதிரி எடுத்த தேதி, குழாய்களும் பொருத்திகளும் முழுவதுமாக அமைந்த பிறகுதானா என்று பாருங்கள். எந்தெந்தக் குழாயில் எடுத்தார்கள் என்ற பட்டியலில், பிள்ளைகள் உண்மையில் குடிக்கும் குழாய்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாதிரியை, இரவு முழுவதும் தேங்கியிருந்த முதல் நீரிலிருந்து எடுத்தார்களா, சில நிமிடம் திறந்துவிட்ட பிறகு எடுத்தார்களா என்பதும் குறிப்பிட்டிருக்க வேண்டும். ஓடவிட்ட நீரில் ஈயம் குறைவாகவே காட்டும். காலையில் முதலில் வந்து குடிக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது தேங்கிய நீர். நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி மீண்டும் திறக்கும் நாளில், பிள்ளைகள் வருமுன் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டுத் தேங்கிய நீரை வெளியேற்றும் பொறுப்பு எந்தப் பணியாளருடையது என்பதையும் அதே கூட்டத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.